தந்தையார் தம் மருத்துவ விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க விரும்புகிறார்: மதுரைப் பகுதியில் இதை எப்படிச் செய்வது?

கேள்வி: உசிலம்பட்டி வாசகி

என் தந்தையாருக்கு 73 வயதாகிறது. அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போகும் ஐ.எல்.டி. நோய் அவருக்கு இருக்கிறது. இப்போது வீட்டிலேயே ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கிறோம். அறிவும் நினைவும் தெளிவாக இருக்கின்றன. காலையில் செய்தித்தாளை முழுவதும் படித்து முடித்த பிறகுதான் யாரிடமும் பேசுவார்.

சென்ற மாதம் அவரே என்னை அழைத்து உட்காரவைத்து, "எனக்கு மூச்சு நிற்கும் நிலை வந்தால் தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம், அதை நான் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுகிறேன், நீதான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். அவருடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் மதுரையில் ஐ.சி.யூ.வில் நெடுநாள் கருவிகளோடு கிடந்து இறந்ததை அருகிலிருந்து பார்த்தவர் அவர்.

எங்கள் உறவில் இதற்குக் கடும் எதிர்ப்பு. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், "பணம் நான் அனுப்புகிறேன், எதையும் நிறுத்தக் கூடாது" என்கிறார். சித்தப்பாவோ ஒரு படி மேலே போய், "இது தலைக்கூத்தலுக்குப் (நோயுற்ற முதியவரை எண்ணெய்க் குளியல் போன்ற முறைகளால் வீட்டாரே சாகவைக்கும் பழக்கம்) பேனா பிடித்துக் கொடுப்பது போல இருக்கிறது, பெண் பிள்ளை பேச்சைக் கேட்டு அண்ணன் இப்படிச் செய்கிறார் என்று ஊர் பேசும்" என்று நான்கு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அந்தச் சொல் என் தந்தையாரை எவ்வளவு காயப்படுத்தியது என்பது எனக்குத்தான் தெரியும்.

நான் அறிய விரும்புவது இவைதான். இப்படி எழுதிவைப்பது சட்டப்படி செல்லுமா? யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்? மகன் இருக்கும்போது மகள் பெயரைப் பொறுப்பாளராக எழுதலாமா? அவசர நேரத்தில் மருத்துவமனை இதை மதிக்குமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மதுரை வழக்கறிஞர்

சகோதரி அவர்களுக்கு வணக்கம். உங்கள் தந்தையார் கேட்பதைச் சட்டம் தெளிவாக அனுமதிக்கிறது. காமன் காஸ் என்ற அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9 அன்று, மாண்புடன் இறப்பதும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்து, முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலுக்கு வழிமுறைகளையும் வகுத்தது. அப்போது முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு அது எட்டாத காரியம். 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. இன்று இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். எழுதுபவர் சுய விருப்பத்தோடும் விளைவுகளைப் புரிந்துகொண்டும் எழுதுகிறார் என்று தாம் நிறைவடைந்ததாக அந்த அலுவலர் பதிவு செய்ய வேண்டும். உங்கள் தந்தையாரால் நோட்டரி அலுவலகம் வர இயலாவிட்டால், நோட்டரியை வீட்டுக்கே அழைத்துச் செல்வது நல்லது. கான்சென்ட்ரேட்டரை ஓரமாக வைத்துவிட்டு மதுரைக்கு அலையவேண்டியதில்லை.

இதைச் சொத்து உயிலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இலும் ஒரு முன்கூட்டிய அறிவுறுத்தல் உண்டு. அது மனநலச் சிகிச்சைக்கானது, இதோடு தொடர்பில்லாதது. இணையத்தில் கிடைக்கும் படிவங்களில் இரண்டும் கலந்து கிடப்பதால் சொல்கிறேன்.

சாட்சிகள் சார்பற்றவர்களாக இருப்பது விரும்பத்தக்கது என்று தீர்ப்பே சொல்கிறது. சித்தப்பாவின் பேச்சைக் கேட்ட பிறகு, உங்கள் விஷயத்தில் இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். சொத்தில் பங்கு இல்லாத, ஊரில் மதிப்புள்ள இருவர், அவருடைய பழைய சக ஆசிரியர்களாகவே இருக்கட்டும்.

மகள் பெயரை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். பாதுகாவலர் அல்லது நெருங்கிய உறவினர் என்றுதான் தீர்ப்பு சொல்கிறது. மகனுக்கு முன்னுரிமை என்று எங்கும் இல்லை. 2023 திருத்தத்தின்படி ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மனவருத்தம் வேண்டாமே என்று எதிர்ப்பவரையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு தந்தைக்குப் பேச இயலாத நிலை வரும்போது, சிகிச்சையை நிறுத்தப் பெயர் குறிப்பிடப்பட்டவர்களின் ஒப்புதல் கேட்கப்படும். அப்போது ஒருவர் மறுத்தால் தந்தையின் கையெழுத்து காகிதத்தோடு நின்றுவிடும். உங்கள் அண்ணன் மனமார ஒப்புக்கொண்டால் மட்டும் அவர் பெயரைச் சேருங்கள். இல்லையென்றால் உங்களோடு, கூப்பிட்ட நேரத்துக்கு மருத்துவமனைக்கு வந்து நிற்கக்கூடிய மற்றொருவர் பெயர் இருக்கட்டும்.

நடைமுறை இதுதான். நோய் தீராது, மீட்சிக்கு வழியில்லை, நோயாளியால் தாமே முடிவெடுக்க இயலவில்லை என்ற நிலை வந்தால், மருத்துவமனை முதல்நிலை மருத்துவக் குழுவை அமைக்கும். அதில் சிகிச்சையளிக்கும் மருத்துவரும், ஐந்தாண்டு அனுபவமுள்ள குறைந்தது இரண்டு துறை வல்லுநர்களும் இருப்பார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால், முதல் குழுவில் இல்லாத வேறு வல்லுநர்களும் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவரும் கொண்ட இரண்டாம் குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். முடிவைச் செயல்படுத்தும் முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தர வேண்டும். அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குழு மறுத்தால் அரசமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். நமக்கு அது மதுரைக் கிளைதான், சென்னைக்குப் போக வேண்டாம்.

தலைக்கூத்தல் என்ற சொல்லுக்கு ஒரு வார்த்தை. நம் தென்மாவட்டங்களில் அது நடந்திருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. அதனால்தான் அந்தச் சொல் இவ்வளவு ஆழமாகக் குத்துகிறது. ஆனால் அங்கே முதியவரின் உயிரைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள், அவரை யாரும் கேட்பதில்லை. இங்கே தெளிந்த அறிவுள்ள ஒருவர் தம் உடலைப் பற்றித் தாமே எழுதுகிறார். அதை உறவினர் எவரும் தனியாகச் செயல்படுத்த முடியாதபடி இரண்டு மருத்துவக் குழுக்கள் நடுவில் நிற்கின்றன. ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றும் குற்றம்தான். இதை உங்கள் சித்தப்பாவிடம் நேரில் விளக்க வேண்டுமென்றால் நானே வருகிறேன்.

பதில் 2: மேலூர்க்காரர்

எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் இல்லாமல் நடந்ததைச் சொல்கிறேன்; உங்களுக்குப் பயன்படலாம். அம்மாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய் பரவியிருந்தது. "இனி ஆஸ்பத்திரி வேண்டாம்ப்பா" என்று என்னிடமும் என் மனைவியிடமும் பலமுறை சொன்னவர், மற்ற பிள்ளைகளிடம் சொல்லவில்லை. நினைவு தப்பியதும், அக்காவும் மச்சானும் வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். குழாய் போடப்பட்டது. அம்மா சொன்னதை நான் எடுத்துச் சொன்னபோது, செலவுக்குப் பயந்து பேசுகிறேன் என்று பொருள் கொள்ளப்பட்டது.

கடைசியில் மருத்துவர், "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போவதாக இருந்தால் கொண்டு போங்கள்" என்றார். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக நாங்களே அழைத்துச் செல்வதாக ஒரு தாளில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆம்புலன்ஸில் உதவியாளர் ஒருவர், கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வந்தார். வலிக்கு மருந்து எதுவும் எழுதித் தரப்படவில்லை. ஒத்தக்கடை தாண்டியதும் அம்மாவின் கை குழாயை நோக்கிப் போனது. அக்காதான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகு பையை எடுத்தார்கள். பால் ஊற்ற வரிசையில் நின்றவர்களுக்குக்கூட நேரம் போதவில்லை.

மதுரை மருத்துவமனைகளின் வாசல்களில் இந்தக் காட்சியை யாரும் பார்க்கலாம். சிகிச்சையை நிறுத்துவது என்ற முடிவு நம் ஊரில் நாள்தோறும் எடுக்கப்படுகிறது. ஆனால் நோயாளியைக் கேட்காமல், வலியைக் கவனிக்காமல், உறவினர் தலையில் பழியைப் போட்டு எடுக்கப்படுகிறது. உங்கள் தந்தையார் வாய்விட்டுக் கேட்கிறார். தயவுசெய்து அவருடைய குரலைக் கைப்பேசியில் காணொளியாகவும் பதிவு செய்துவையுங்கள். அது நோட்டரி சான்றுக்கு மாற்றாகாது என்று தெரியும். உறவினர்களுக்கு நடுவே அது பேசும்.

பதில் 3: வலி தணிப்பு மருத்துவர்

வழக்கறிஞர் சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மருத்துவராக நான் சில விஷயங்களைச் சேர்க்க வேண்டும். ஒரு இடத்தில் அழுத்தத்தை மாற்றியும் வைக்க வேண்டும்.

முதலில், உங்கள் தந்தையார் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்வரை இந்த ஆவணத்துக்கு வேலையே இல்லை. முடிவெடுக்கும் திறனுள்ள எந்த வயது வந்தவரும் தமக்கு வேண்டாத சிகிச்சையை மறுக்கலாம். அவர் வாயால் சொல்வதே போதும். ஆவணம் பேசத் தொடங்குவது அவரால் பேச முடியாமல் போகும்போதுதான். ஆகவே இப்போதே அவரைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் வாயாலேயே சொல்லவைத்து, மருத்துவக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நள்ளிரவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இரண்டு குழுக்கள் கூடுவதற்காகக் காத்திருக்க மாட்டார். கையில் எந்தத் தகவலும் இல்லையென்றால் குழாயைப் போட்டுவிடுவார், அது அவர் கடமை. சிகிச்சை மருத்துவரின் கையெழுத்துள்ள குறிப்பு ஒன்று கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தால் நிலைமை மாறும். இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க முயல வேண்டாம் என்ற முடிவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது எழுதும் வாசகம். "கருவிகள் எதுவும் வேண்டாம்" என்று எழுதாதீர்கள். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டரும் கருவிதான். முகமூடி வழியே காற்றைத் தள்ளும் பைபேப்பும் கருவிதான். இரண்டும் அவருக்கு ஆறுதல் தரக்கூடியவை. மாறாக, இந்த நோய் முற்றிய நிலையில் திடீரென்று மூச்சுத்திணறல் மோசமாகி, தொண்டைக்குள் குழாயிட்டு வென்டிலேட்டரில் வைக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் அதிலிருந்து மீள்வதில்லை. சாதாரண நிமோனியா வந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுத்துச் சரிசெய்ய வாய்ப்பிருக்கிறது. அதை அவர் மறுக்கிறாரா என்று அவரைக் கேட்க வேண்டும். நான் அவரோடு உட்கார்ந்தால் இப்படித்தான் எழுதச் சொல்வேன்: "என் நுரையீரல் நோய் முற்றி, மீட்சிக்கு வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் கருதும் நிலையில், எனக்குத் தொண்டைக் குழாயும் வென்டிலேட்டரும் கழுத்தில் துளையிடுதலும் டயாலிசிஸும் வேண்டாம். என் இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க முயல வேண்டாம். குணப்படுத்தக்கூடிய தொற்றுக்கு மருந்து தரலாம். மூச்சுத்திணறலையும் வலியையும் பதற்றத்தையும் குறைக்க வேண்டிய மருந்துகள் அனைத்தும், அவற்றால் எனக்கு மயக்கம் வந்தாலும், தரப்பட வேண்டும். இயன்றால் நான் என் வீட்டில் இருக்க விரும்புகிறேன்." இதை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ திரும்பப் பெறவோ தமக்கு உரிமை உண்டு என்ற வரியையும் சேர்க்க வேண்டும். மனம் மாறுவது இயல்பு. நோயோடு வாழப் பழகியவர்கள் முன்பு தாங்க முடியாது என்று நினைத்ததைத் தாங்கிக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அழுத்தத்தை மாற்றி வைக்க வேண்டும் என்றது இதைத்தான். எவ்வளவு கவனமாக எழுதினாலும், வரப்போகிற நிலைமை தாளில் எழுதிய நிலைமையாக இருக்காது. ஆகவே எந்தெந்தக் கருவி என்ற பட்டியலைவிட, எது அவருக்கு முக்கியம் என்பது பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேச்சு நின்றுபோனாலும் பேரப்பிள்ளைகளை அடையாளம் தெரிந்தால் வாழ விரும்புகிறாரா? படிக்க இயலாமல் போனால்? பிறர் கழுவிவிடும் நிலையைப் பற்றி என்ன நினைக்கிறார்? கேட்பதற்குக் கடினமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு அவர் சொன்ன பதில்களைக் கேட்டவர்தான், ஐ.சி.யூ. வாசலில் மருத்துவர் வந்து நிற்கும்போது கலங்காமல் பேச முடியும். உங்கள் அண்ணனும் அந்தப் பதில்களை நேரில் கேட்கட்டும். அவரிடம் "சிகிச்சையை நிறுத்தச் சம்மதமா" என்று நீங்கள் கேட்டால் எந்த மகனும் சம்மதம் என்று சொல்ல மாட்டார். "அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள் அண்ணே" என்று சொல்லி, காணொளி அழைப்பில் தந்தையின் முன்னால் உட்காரவையுங்கள்.

வீட்டில் இருக்க விரும்பினால் அதற்கும் ஏற்பாடு வேண்டும். மின்தடைக்கு மாற்றாக ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரப்பி வைத்திருங்கள். மூச்சுத்திணறலுக்குச் சிறிய அளவில் கொடுக்கும் மார்பின் பெரிதும் உதவும். அதைத் தந்தால் உடனே உயிர் போய்விடும் என்ற அச்சம் படித்தவர்களிடமும் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் அளவோடு தரும்போது அந்த அச்சத்துக்கு இடமில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்திருக்கலாம். முகத்துக்கு நேராகச் சிறிய மின்விசிறியை வைத்தாலே சிலருக்குத் திணறல் உணர்வு குறையும். இன்றிரவே செய்து பார்க்கலாம். 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்தையாரின் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

மறுமொழி: உசிலம்பட்டி வாசகி

மூவருக்கும் என் நன்றி. பதில்களை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மருத்துவர் எழுதித் தந்த வாசகத்தைச் சிவப்பு மையில் திருத்தினார். "முயல வேண்டாம்" என்பதை "முயலுதல் கூடாது" என்று மாற்றினார். டயாலிசிஸ் பற்றி மருத்துவரிடம் கேட்ட பிறகு எழுதுவதாக அந்த வரியை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார்.

அண்ணனோடு காணொளியில் பேசினோம். பேரப்பிள்ளைகளை அடையாளம் தெரியாத நிலையில் தாம் இருக்க விரும்பவில்லை என்று அப்பா சொன்னதும் அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. சம்மதம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்திடும் நாளில் தானும் இங்கே இருக்க வேண்டும் என்று பயணச்சீட்டுப் பார்க்கிறார். சித்தப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

வழக்கறிஞர் அவர்களுக்கு ஒரு கேள்வி. ஆவணத்தின் பிரதியை உள்ளாட்சி அமைப்பிடமும் தர வேண்டும் என்று படித்தேன். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டபோது, அப்படி ஒரு காகிதத்தைத் தாங்கள் பார்த்ததே இல்லை, வாங்கிக்கொள்ள உத்தரவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில் 4: மதுரை வழக்கறிஞர்

ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ, அந்தந்த அமைப்பு இதற்கென ஓர் அலுவலரை ஆவணப் பாதுகாப்பாளராக நியமிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதல். நியமிக்காதது அவர்கள் குறை. அதனால் உங்கள் தந்தையாரின் ஆவணம் செல்லாமல் போகாது. நேரில் வாங்க மறுத்தால், 2018 தீர்ப்பையும் 2023 உத்தரவையும் குறிப்பிட்ட ஒரு கடிதத்தோடு பிரதியைப் பதிவு வசதியும் விநியோகச் சான்றும் சேர்த்த விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மற்றொரு பிரதியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள். விநியோகச் சான்று கிடைத்ததும் அசல் ஆவணத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப மருத்துவருக்கும், பெயர் குறிப்பிடப்பட்ட இருவருக்கும் ஆளுக்கொரு பிரதி போக வேண்டும். தந்தையாருக்கு மின்னணு மருத்துவப் பதிவேடு இருந்தால் அதிலும் ஏற்றலாம்.

அண்ணன் வரும் தேதி உறுதியானதும் எழுதுங்கள். நோட்டரியை உங்கள் ஊருக்கே அழைத்துவருகிறேன். சித்தப்பாவையும் அன்று வரச் சொல்லுங்கள். அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, தம் அண்ணன் சொல்வதைக் கேட்டால் போதும்.